திரையில் கீர்த்தனை: வரியை எங்கே முறிப்பது?

சேகரத்துக் கீபோர்டு · திருநெல்வேலி மாவட்டம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் கோயிலில் புரொஜக்டர் வைத்ததிலிருந்து ஒன்றைக் கவனித்து வருகிறேன். புதுப் பாட்டு போட்டால் சபையார் திரையைப் பார்த்துச் சுலபமாகப் பாடிவிடுகிறார்கள். கீர்த்தனை (கர்நாடக ராக தாளத்தில் அமைந்த பழைய கிறிஸ்தவப் பாட்டு) வந்தால் மட்டும் இரண்டாம் வரியில் பாதிப் பேர் முன்னே, பாதிப் பேர் பின்னே. கீபோர்டு வாசிப்பவனும் நான்தான், ஸ்லைடு டைப் செய்பவனும் நான்தான். ஆகவே இரண்டு பக்கத்துத் திட்டும் எனக்கே வந்து சேர்கிறது.

யோசித்துப் பார்த்ததில் காரணம் வரி முறிகிற இடம் என்றுதான் படுகிறது. எந்தப் பாட்டையும் பெயர் சொல்லி இழுக்க வேண்டாம். அறுப்பின் பண்டிகைக்காக நானே ஒப்பேற்றிய இரண்டு வரியை எடுத்துக்கொள்வோம்:

மண்ணில் விளைந்த மணிகள் யாவும்
உந்தன் கையில் தருகிறோம்

ஆதி தாளம், மொத்தம் எட்டு எண்ணிக்கை. சொல்லுக்கு இரண்டு எண்ணிக்கை. நான்கு சொல்லில் எட்டும் முடிந்து ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, நிறைந்துவிடும். ‘உந்தன்’ அடுத்த தட்டில் விழ வேண்டும். திரையில் எழுத்துப் பெரிதாக இருந்ததால் மென்பொருள் தானாக இப்படி மடக்கிக் காட்டியது:

மண்ணில் விளைந்த மணிகள்
யாவும் உந்தன் கையில்
தருகிறோம்

கண் எங்கே நிற்கிறதோ அங்கே மூச்சும் நின்றுவிடுகிறது. ‘மணிகள்’ முடிந்ததும் சபை முழுக்க மூச்சு வாங்குகிறது. ஆனால் அப்போது ஆறு எண்ணிக்கைதான் ஆகியிருக்கும், இன்னும் இரண்டு பாக்கி. குவயர் நிற்காமல் போய்விடும், சபை நின்றுவிடும். பிறகு பல்லவிக்குத் திரும்பும்வரை ஒன்று சேர்வதே இல்லை.

ஆகவே முதலில் தாளத்துக்கு வரியை முறிக்க வேண்டும், எழுத்தளவு அப்புறம்தான் என்பது என் கட்சி. குவயர் மாஸ்டர் சரி என்கிறார். எழுத்து சிறியதாகிவிடும் என்று கமிட்டியில் ஆட்சேபம். பாட்டு வரியைத் திரையில் காட்ட நாங்கள் ஓப்பன்எல்பி என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். உங்கள் கோயில்களில் எப்படி?

எழுத்துரு வெறியன் · சென்னை

தம்பி, தாளம் எனக்குப் பாடமில்லை, எழுத்துதான் பிழைப்பு. எந்த எழுத்துரு போட்டிருக்கிறாய்? லதா என்றால் கதை அங்கேயே முடிந்தது. அது அகலமான எழுத்து. விண்டோஸோடு வந்ததால் எல்லாரும் பிடித்துக்கொண்டோமே தவிர, திரைக்கு என்று யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம். உன் ‘மண்ணில் விளைந்த மணிகள் யாவும்’ வரியை ஒவ்வொன்றிலும் ஒரே உயரத்தில் போட்டுப் பார். கச்சிதமான எழுத்துருவில் ஒரே வரியில் உட்கார்ந்துவிடும். கமிட்டிக்கும் சமாதானம் சொல்லிவிடலாம்.

தடிமன் முக்கியம். கேட்டமரான் எழுத்துருவில் ஒன்பது தடிமன் இருக்கிறது. அதில் மெல்லியதைத் தேர்ந்தெடுத்தால் பின்வரிசைக்குப் புள்ளி தெரியாது. புள்ளி தெரியாவிட்டால் ‘கண்’ ‘கண’ ஆகிவிடும். ரொம்பத் தடித்ததும் ஆகாது, ‘ண’, ‘ஞ’ இவற்றின் உள்வெளி அடைத்துக் கறுப்புக் கட்டியாகத் தெரியும். நடுத்தடிமனுக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான்.

எழுத்தைச் சுற்றிக் கோடு போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் அது பிழைத்துக்கொள்ளும். தமிழில் சுழிக்குள் சுழி இருப்பதால் கோடும் எழுத்தும் கட்டிப்புரண்டுவிடும். மெல்லிய நிழல் போதும். பின்னணியில் அருவி, மேகம், சூரிய உதயம் எதுவும் வேண்டாம். கருநீலத்தில் வெள்ளை எழுத்து.

அப்புறம் வரி இடைவெளி. மென்பொருள் தானாகக் கொடுப்பது ஆங்கிலத்துக்கு ஏற்றது. நமக்கு மேலே ‘கீ’யின் கொக்கியும் புள்ளியும், கீழே ‘கு’, ‘ழு’, ‘து’ இவற்றின் வாலும் இருக்கின்றன. மேல்வரியின் வால் கீழ்வரியின் கொக்கியில் இடிக்கும். இடைவெளியைக் கூட்டு, ஸ்லைடுக்கு நாலு வரிக்கு மேல் வேண்டாம்.

கடைசியாக ஒன்று: நடுவில் சீர்படுத்தாதே, இடது ஓரம் வை. நடுவில் வைத்தால் ஒவ்வொரு வரியும் வேறு வேறு இடத்தில் தொடங்கும். கண் தொடக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் உன் தாளத்தில் ஒரு தட்டு போயிருக்கும்.

பாமாலை அத்தை · நாசரேத்

தம்பிகள் இருவருக்கும் ஸ்தோத்திரம். ஓய்வு பெற்ற டீச்சர் நான், குவயரில் ஆல்ட்டோ பாடுகிறவள், திரைக்குப் பரம விரோதி ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனைக்கும் தலையில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். சங்கராபரணம், ஆதி. ஆனந்த பைரவி, ரூபகம். அதைப் பார்த்தாலே எங்கள் வயதுக்காரர்களுக்கு மெட்டு வாயில் வந்துவிடும். திரையில் அதை ஏன் எடுத்தீர்கள்? எந்தக் கோயிலுக்குப் போனாலும் இதே கதைதான்.

கீர்த்தனைகள் பல எழுதிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் (எங்கள் வழக்கில் ஐயர் என்றால் போதகர்) படித்தவர். சரபோஜி மன்னரும் அதே ஐயரிடம் பாடம் கேட்டவர்தான். சாஸ்திரியார் காலத்திலேயே, 1853-ல், அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். வெள்ளைக்கார ஐயர் ஒருவர் மேல்நாட்டு மெட்டை விட்டு நம் ராகத்தைப் பிடித்துக்கொண்ட காரியம் அது. அந்த ராகப் பெயரைத்தான் நீங்கள் இடம் போதவில்லை என்று தூக்கிவிட்டீர்கள்.

இன்னொன்று. சரணங்களை வெட்டாதீர்கள். நேரமில்லை என்று ஒன்று, இரண்டு, கடைசி என்று பாடுகிறார்கள். லெந்து நாள் (இயேசுவின் பாடுகளை நினைக்கிற நாள்) கீர்த்தனைகள் பலவும் சரணத்துக்குச் சரணம் நடந்து போகிற பாட்டு. கெத்செமனேயில் தொடங்கி நடுவில் மூன்று சரணத்தை விட்டால், அடுத்த மூச்சில் கல்லறை வாசலில் நிற்பீர்கள். பிலாத்து என்ன ஆனான்?

சேகரத்துத் தம்பிக்கு ஒரு கேள்வி. புத்தகத்தில் வரி ஒழுங்காக முறிந்திருந்ததா என்ன? சின்ன எழுத்தில், தாளை மிச்சம் பிடிக்க, ஒட்டி ஒட்டி அடித்திருப்பார்கள். அப்போது ஜனங்கள் தடுமாறாததற்குக் காரணம் புத்தகம் இல்லை, மனப்பாடம். ஞாயிறு பள்ளியில் மனப்பாடப் போட்டி வைத்துப் பாருங்கள், திரை எப்படி முறித்தாலும் பாடுவார்கள்.

சேகரத்துக் கீபோர்டு

அத்தை, ராகம், தாளம் இரண்டையும் இந்த வாரமே முதல் ஸ்லைடின் மேல் மூலையில் சின்னதாகப் போட்டுவிடுகிறேன். இடம் இருக்கிறது.

மனப்பாடம் உள்ளவர்களுக்குத் திரையே தேவையில்லை என்பது சரிதான். ஆனால் பண்டிகைக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகள், புதிதாகச் சபைக்கு வந்தவர்கள், கண்ணாடி மாற்ற வேண்டிய தாத்தாக்கள் இவர்களுக்குத் திரைதான் புத்தகம். மனப்பாடம் இல்லாதவர் கண்ணை நம்பித்தான் மூச்சு வாங்குவார். வரி முறிவு அவர்களுக்காகத்தான்.

வெறியன் அண்ணன் சொன்னபடி இடது ஓரம் வைத்துப் பார்த்தேன். பல்லவியில் வித்தியாசம் தெரிகிறது.

மிக்சர் பக்கம் · கோயம்புத்தூர்

நான் சவுண்டு ஆள். எல்லாரும் திரையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஒலியை யாராவது கவனித்தீர்களா?

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிநொடி. முன்னால் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து 24 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம் 70 மில்லிநொடி தாமதமாகப் போகும். அவர் பாடுவது திரும்பி முன்வரிசைக்கு வர இன்னொரு 70. நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் ஒரு தட்டு 750 மில்லிநொடிதான். அதில் 140 போனால் பாட்டு இழுக்கும். இதற்குத் திரை என்ன செய்யும்?

நடுவில் தூணில் கூடுதல் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறீர்களா? அதற்கு டிலே (சத்தத்தைக் கொஞ்சம் தாமதித்து விடுவது) கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் பின்வரிசைக்குப் பக்கத்து ஸ்பீக்கர் முதலில், முன் ஸ்பீக்கர் பிறகு என்று ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும். உயர்ந்த கூரை, இப்போது எல்லாரும் போடுகிற கிரானைட் தரை, எதிரொலிக்குக் கேட்க வேண்டாம். கீபோர்டில் இடது கை பேஸைக் கொஞ்சம் குறையுங்கள். அது குகைக்குள் உருள்கிற மாதிரி உருண்டு தாளத்தையே மூடிவிடும்.

தம்பி, ஒரு சோதனை செய்து பார். முன் மூன்று வரிசையும் தடுமாறுகிறதா, பின்வரிசை மட்டுமா? முன்வரிசையும் தடுமாறினால் உன் கட்சி. பின்வரிசை மட்டும் என்றால் என் கட்சி.

ஸ்லைடு மாற்றுகிற நேரமும் ஒரு காரணம். வரி முடிந்த பிறகு கிளிக் பண்ணினால் சபை அடுத்த வரியின் முதல் சொல்லை விட்டுவிடும். கடைசிச் சொல்லை எடுக்கும்போதே அடுத்த ஸ்லைடு வந்துவிட வேண்டும். அந்தச் சொல் ஏற்கெனவே அவர்கள் வாயில் இருக்கிறது, கண்ணுக்கு இனி அது வேண்டாம். ஆகவே கிளிக் செய்கிற பிள்ளை கூடவே பாட வேண்டும். போன் பார்க்கிற பிள்ளையை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

சேகரத்துக் கீபோர்டு

பார்த்தேன் அண்ணே. முதல் வரிசையில் உட்காருகிற பெண்கள் ஐக்கியத்து அக்காமாரும் ‘மணிகள்’ முடிந்ததும் நிற்கிறார்கள். அதனால் என் கட்சி உயிரோடு இருக்கிறது. ஆனால் பின்வரிசை இழுப்பது தனிக் கதை, அது நீங்கள் சொன்னதேதான். தூண் ஸ்பீக்கருக்கு டிலே இல்லை.

உடனடிப் பாடல் · அம்பத்தூர்

உங்களுக்காவது வெள்ளிக்கிழமையே பாட்டு எண் வந்துவிடுகிறது. எங்கள் சபையில் பட்டியல் என்ற பேச்சே கிடையாது. பாஸ்டர் ஜெபித்துக்கொண்டே இருப்பார், திடீரென்று ஒரு பாட்டின் நடு வரியிலிருந்து எடுப்பார். அதுவும் மூன்றாம் சரணம்! நான் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துப் போடுவதற்குள் அவர் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார்.

கீர்த்தனை, பாமாலை (மேல்நாட்டு மெட்டுப் பாட்டு) எதுவும் எங்களிடம் அதிகம் இல்லை. ஆனால் வரி முறிவு விஷயம் எங்களுக்கும் பொருந்தும். ஆராதனைப் பாட்டில் ஒரே வரியை எத்தனை தடவை பாடுவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே திரும்பப் பாடுகிற பகுதி முழுவதும் ஒரே ஸ்லைடில் இருக்க வேண்டும். பாதியில் வெட்டினால் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருப்பேன்.

ஓப்பன்எல்பி வைத்திருப்பவர்களுக்கு: பல்லவியைக் கோரஸ் என்று குறித்துவையுங்கள். நேரலைப் பகுதியில் சி விசையைத் தட்டினால் நேரே அங்கே போகலாம். கீர்த்தனைக்கு அது உயிர்காக்கும் வசதி, சரணத்துக்குச் சரணம் பல்லவிக்குத் திரும்ப வேண்டுமே.

என் தலைவலி தேடல். ‘கொ’ என்று தொடங்குகிற பாட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டைப் செய்தால் இல்லை என்கிறது. வேறு பாட்டில் அதே ‘கொ’ கிடைக்கிறது. இது என்ன மாயம்?

பைதான் பிரியன் · பெங்களூரு

மாயம் இல்லை, இரட்டைச் சேமிப்பு. யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதிவைக்கலாம். ககரத்துக்குப் பின் ஒற்றை ஒகரக் குறி ஒரு விதம். எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக அடுத்தடுத்து வருவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேடுகிற நிரலுக்கு இரண்டும் வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது விதம் நிறைய இருக்கும்.

அடுத்தது ‘ஔ’. பலர் ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுவார்கள். ‘கௌ’வும் அப்படியே, கொம்பு, க, பிறகு ஒரு ளகரம். கண்ணுக்குச் சரியாக இருக்கும், தேடினால் வராது. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய வரிகளில் கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும்.

பாட்டெல்லாம் ஓப்பன்எல்பியில் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளக் கோப்பாகத்தான் இருக்கிறது. அதை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, எல்லா வரியையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாக்குகிற யூனிகோடு வடிவம்) மாற்றினால் முதல் சிக்கல் ஒரேயடியாகப் போய்விடும். பைதான் நிரல்மொழியில் அதற்கு ஒரு வரி போதும். ‘ஔ’ பிரச்சினைக்குக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும், ஏனென்றால் உண்மையிலேயே ஒகரத்துக்குப் பின் ளகரம் வருகிற சொற்களும் தமிழில் இருக்கின்றன. ‘ஒளி’யை ‘ஔி’ ஆக்கிவிட்டால் அத்தை என்னைச் சும்மா விடமாட்டார்.

பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக்குவது) போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அடித்த புத்தகம் என்றால் ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும். ‘ணா’, ‘றா’, ‘னா’வும் சுழித்துக் கிடக்கும். நான் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் போட்டபோது அந்த இடங்களில்தான் வரிசையாகப் பிழை. ‘இல்லை’ வருகிற வரிகளை மட்டும் தனியாகத் தேடிப் பாருங்கள், பாதிப் பிழை பிடிபட்டுவிடும்.

மானிப்பாய் வாசி · யாழ்ப்பாணம்

எங்கள் பக்கத்துக் கோப்புகளின் வியாதி வேறு. எல்லாம் பாமினி, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. ஒரு காலத்தில் இங்கே அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லா இடத்திலும் பாமினிதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். பாட்டுத் தாள் முழுவதும் இப்படித்தான். புதிதாக வந்த போதகர் ஒருவர் அதை ஏதோ வைரஸ் என்று நினைத்துவிட்டார்.

யூனிகோடுக்கு மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்கிறது. சுரதாவின் மாற்றியும் எங்கள் ஆட்கள் நெடுங்காலம் பயன்படுத்தியதுதான். ஆனால் கோப்பில் ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் அதுவும் தமிழாகிக் குழம்பிவிடும். ‘ஸ்கேல்’ என்று பக்கத்தில் குறித்திருந்த ஆங்கில எழுத்தெல்லாம் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்தாகி நின்றது. ஸ்கேல் குறிப்பை முதலில் பிரித்தெடுத்துவிட்டு மாற்றுங்கள்.

அத்தை அச்சு பற்றிச் சொன்னபடியால் இதையும் சொல்கிறேன். அமெரிக்க மிஷனின் அச்சுக்கூடம் எங்கள் மானிப்பாயில்தான் இருந்தது. உதயதாரகை பத்திரிகை 1841-ல் இங்கே தொடங்கியது. சின்ன எழுத்தில் நெருக்கி அடித்தாலும் படிக்கலாம். வெறியன் அண்ணருக்குப் பிடிக்கும்.

எழுத்துரு வெறியன்

பிடிக்காமல் என்ன! இந்த இடப் பற்றாக்குறை கதை முந்நூறு வருடப் பழசு. மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கினார். தமிழ் அச்செழுத்து ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து வந்தது. எழுத்து ரொம்பப் பெரிசு. அதில் புதிய ஏற்பாட்டை அடித்தால் தாள் போதாது. கடைசியில் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்தை வார்த்தார்கள். அதற்கு ஈயம் கிடைத்தது இங்கிலாந்திலிருந்து செஷயர் பாலாடைக்கட்டி சுற்றி வந்த ஈயத் தகட்டிலிருந்து என்று ஒரு செய்தி உண்டு. புதிய ஏற்பாடு முழுவதும் 1715-ல் வெளிவந்தது. அப்போதும் ‘எழுத்து சின்னதாகிவிட்டது’ என்று ஒரு கமிட்டி முனகியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

பதிலுரைப் பாடல் · திருச்சி

இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு குரல். எங்களுக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகுதான் திருப்பலி தமிழுக்கு வந்தது. ஆகவே மக்கள் எங்கே பாட வேண்டும், பாடகர் குழு எங்கே பாட வேண்டும் என்ற பிரிவு எங்களுக்குத் தெளிவாகவே இருக்கிறது. பதிலுரைப் பாடலில் மக்களுக்கு ஒரே ஒரு வரிதான். திரையில் அந்த ஒரு வரியை மட்டும் போடுவோம். மற்றதைக் குழு பாடும், மக்கள் கேட்பார்கள்.

எல்லாவற்றையும் திரையில் கொட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. கண் திரையிலேயே இருந்தால் காது மூடிவிடுகிறது. எழுந்தேற்றத்தின்போது (குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுகிற நேரம்) எங்கள் பங்குத்தந்தை திரையைக் கறுப்பாக்கச் சொல்லிவிட்டார். முதல் வாரம் கணினி நின்றுவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

பாமாலை அத்தை

குழு பாட, சபை கேட்பதா? எங்களுக்கு அது ஒத்துவராது தம்பி. சபை வாய் திறந்து பாடுவதற்காகத்தான் இத்தனை சிரமமும். ஆனால் திரையை அணைக்கிற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. நற்கருணைக்குப் போகிற நேரத்தில் எங்கள் திரையில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அரிசி தருபவர்கள் பெயர்! ஐயரிடம் சொல்ல வேண்டும்.

தாளத்துக்கு வரியை முறிப்பது பற்றி. கீர்த்தனைக்கு அது சரி. பாமாலையை என்ன செய்வீர்கள்? அதில் 8.7.8.7 என்று அளவு போட்டிருக்கும். மேல்நாட்டு மெட்டுக்கு அசையை எண்ணிப் போட்ட அளவு. வரி ஏற்கெனவே அளந்து வெட்டியது, அதனால் முறிவில் சிக்கல் இல்லை. சிக்கல் குறிலிலும் நெடிலிலும். நீண்ட சுரத்தில் குறில் வந்து விழும். ‘மரம்’ என்பதில் மகரத்தை இரண்டு எண்ணிக்கை இழுத்தால் ‘மாரம்’ என்றுதான் காதில் விழும். இதைத் திரையில் எப்படித் திருத்துவீர்கள்? அதனால்தான் கீர்த்தனை பாடும்போது வாய்க்கு ஒரு சுகம். அது நம் வாயில் பிறந்தது.

இந்தப் பக்கத்தில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே 1917-ல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். சுருதியைக் கணக்குப் போட்டு எழுதிய புத்தகம். அவரே கீர்த்தனையும் எழுதியிருக்கிறார். கணக்கும் ராகமும் பக்தியும் ஒரே மனிதரிடம் இருந்தன. உங்களைப் போன்ற பிள்ளைகளைப் பார்த்தால் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். பேஸைக் குறைத்தால் இன்னும் சந்தோஷம்.

சேகரத்துக் கீபோர்டு

குறைத்துவிட்டேன் அத்தை, மிக்சர் அண்ணன் சொன்னதுமே.

கீபோர்டு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆதி தாளத்துக்கு 4/4 ஸ்டைல் (கீபோர்டு தானாக வாசிக்கிற ரிதம்) போட்டால் எப்படியோ ஒட்டிக்கொள்ளும். ரூபகத்துக்கு 3/4. மிஸ்ர சாபு வந்தால் ஏழு. மூன்றும் நாலும். என் கீபோர்டில் அதற்கு ஸ்டைலே இல்லை. சிலர் அந்தப் பாட்டை இழுத்து எட்டாக்கி 4/4-ல் அடைத்துவிடுகிறார்கள், ஒரு தட்டு காற்றில் தொங்கும். கேட்கச் சகிக்காது. நான் ரிதமை அணைத்துவிட்டு வெறும் கோர்டு மட்டும் பிடிக்கிறேன். தபேலா வாசிக்க ஒரு தம்பி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கைத்தாளம் போதும்.

இப்போது என் வேலை முறை இது. பாட்டை டைப் செய்வதற்கு முன் தொடையில் தாளம் போட்டு ஒரு தடவை முழுதாகப் பாடுகிறேன். ஆவர்த்தனம் முடிகிற இடத்தில் பென்சிலில் ஒரு சாய்கோடு. பிறகு டைப் செய்யும்போது அந்தக் கோட்டில் மட்டும் எண்டர் தட்டுகிறேன். மிக நீளமான வரி எதுவோ அது திரைக்குள் அடங்குகிற அளவுக்கு எழுத்தைக் குறைத்து, அதே அளவைப் பாட்டு முழுவதும் வைக்கிறேன். ஸ்லைடுக்கு ஸ்லைடு எழுத்து பெரிதும் சிறிதுமாக மாறினால் கண் குழம்புகிறது. முக்தா மலருக்கு மாறியதால் குறைக்க வேண்டிய அவசியமே பல பாட்டில் வரவில்லை.

எடுப்பு தள்ளி வருகிற பாட்டு கொஞ்சம் வம்பு. தட்டு விழுந்து அரை இடம் கழித்துச் சொல் தொடங்கும். அதில் ஆவர்த்தனக் கோட்டை அப்படியே பிடித்தால் சொல் நடுவில் வெட்டுப்படும். அங்கே மட்டும் தாளத்தை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த எடுப்பு தொடங்குகிற சொல்லில் வரியைத் தொடங்குகிறேன்.

உடனடிப் பாடல்

நேரலையில் யூடியூபுக்குப் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள். கீழே ஓடுகிற பட்டையில் இரண்டு வரிதான் கொள்ளும். கோயில் திரைக்கு நாலு வரி, பட்டைக்கு இரண்டு வரி என்றால் ஓர் ஆவர்த்தனம் ஒரு வரி என்ற கணக்கு அங்கேயும் சரியாகவே பொருந்துகிறது. புதுப் பாட்டு என்றால் உரிமை யாரிடம் என்று பார்த்துவிட்டு நேரலையில் விடுங்கள். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கடந்த கீர்த்தனை வரிகளுக்கு நம் நாட்டுச் சட்டப்படி அந்தக் கவலை இல்லை.

அந்த என்எஃப்சி வேலை முடித்தேன். ‘கொ’ கிடைத்துவிட்டது. பாஸ்டர் இன்னும் மூன்றாம் சரணத்தில்தான் தொடங்குகிறார்.

மிக்சர் பக்கம்

தூண் ஸ்பீக்கருக்கு டிலே போடும்போது முன் ஸ்பீக்கருக்கும் தூணுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, மீட்டருக்கு 2.9 மில்லிநொடி என்று பெருக்கிப் போடு. அதற்கு மேல் ஒரு 10 மில்லிநொடி கூட்டினால் சத்தம் முன்னாலிருந்து வருவதாகவே காது நம்பும். மின்விசிறி எல்லாம் ஓடும்போது கேட்டுப் பார். வெறும் கோயிலில் கேட்டு முடிவு செய்யாதே, ஆட்கள் உட்கார்ந்தால் எதிரொலி மாறிவிடும்.

மானிப்பாய் வாசி

சேகரத்துத் தம்பி, ஒரு சந்தேகம். ரூபகம் என்றால் ஆவர்த்தனம் குறுகியது. நீங்கள் சொல்லுகிற மாதிரி ஆவர்த்தனத்துக்கு ஒரு வரி என்று முறித்தால் வரிக்கு ஒரு சொல், ஒன்றரைச் சொல்தான் வருகிறது. திரை முழுக்கத் துண்டு துண்டாக நிற்கிறது. என்ன செய்வது?

சேகரத்துக் கீபோர்டு

ரூபகத்துக்கு இரண்டு அல்லது நாலு ஆவர்த்தனத்தைச் சேர்த்து ஒரு வரியாக்குகிறேன் அண்ணே. எத்தனை என்பதைப் பாடிப் பார்த்து, சபை இயல்பாக மூச்சு வாங்குகிற இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் எதுகை வந்து விழுகிற இடத்தில் அது இருக்கும். ஒரே பாட்டுக்குள் ஒரு வரி இரண்டு, ஒரு வரி நாலு என்று கலக்காதீர்கள். அனுபல்லவியில் சொல் நெருக்கமாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. நீங்கள் செய்து முடித்த கோப்பை இங்கே போடுங்கள், நான் வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன்.